அக்காவின் மார்பகச் சீரமைப்பை ‘காஸ்மெட்டிக்’ என்று நிராகரித்துவிட்டார்கள், என்ன செய்வது?

மலைக்கோட்டைத் தங்கை
செவ்வாய், இரவு 10.20

எல்லோருக்கும் வணக்கம். இத்தனை நாள் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இது என் முதல் பதிவு.

என் அக்காவுக்கு வயது 44. இரண்டு வருடத்துக்கு முன் இடது மார்பகத்தில் புற்றுநோய் வந்து முழுதாக எடுத்துவிட்டார்கள். கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிந்து இப்போது ஹார்மோன் மாத்திரை மட்டும் போகிறது. அறுவையின்போதே சீரமைப்பைப் பற்றிக் கேட்டோம். ரேடியேஷன் பாக்கி இருக்கிறது, அது முடிந்து தோல் கொஞ்சம் தேறட்டும் என்றார் டாக்டர். சரி என்று காத்திருந்தோம்.

இப்போது வயிற்றுச் சதையை எடுத்து மார்பகம் அமைக்கும் அறுவைக்கு நாள் குறித்தாகிவிட்டது. வலது பக்கத்தையும் கொஞ்சம் சிறிதாக்கினால்தான் இரண்டும் ஒத்துப்போகும் என்பதால் இரண்டையும் ஒரே நாளில் செய்யத் திட்டம். மதிப்பீடு 6,40,000 ரூபாய்.

பாலிசி அத்தான் பெயரில், ஃபேமிலி ஃப்ளோட்டர் (குடும்பத்துக்கே சேர்த்து ஒரே தொகை), 10 லட்சம். ஏழு வருடமாக ஒரு வருடம்கூட விடாமல் கட்டியிருக்கிறார். புற்றுநோய் அறுவைக்கும் கீமோவுக்கும் இதே கம்பெனிதான் பணம் கொடுத்தது. அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இந்த முறை கேஷ்லெஸ்ஸுக்கு (கம்பெனியே ஆஸ்பத்திரிக்கு நேராகக் கட்டும் முறை) அனுப்பிய ஒரு மணி நேரத்தில் பதில் வந்துவிட்டது: ‘அழகுசார் அறுவை, விலக்கு எண் 08, ஏற்க இயலாது’. வேகத்துக்கு மட்டும் பாராட்டலாம்.

அக்கா கடிதத்தைப் படித்துவிட்டு மடித்து அரிசி டப்பா மேல் வைத்தாள். “விடுடி, நான் அழகுக்குக் கேட்டேனாம்” என்றாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. யாராவது இதைக் கடந்து வந்திருக்கிறீர்களா?


பழைய டிபிஏ
செவ்வாய், இரவு 11.05

சகோதரி, நான் 11 வருடம் ஒரு டிபிஏ அலுவலகத்தில், அதாவது இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக க்ளெய்ம்களைப் பரிசீலிக்கும் இடைநிலை நிறுவனத்தில், க்ளெய்ம் பார்த்தவன். இப்போது அந்த வேலையில் இல்லை, அதனால் தைரியமாகச் சொல்கிறேன்.

அவர்கள் காட்டிய அதே விலக்கு எண் 08-ஐ முழுதாகப் படியுங்கள். 2019 செப்டம்பரில் இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ எல்லாக் கம்பெனிகளுக்கும் பொதுவாக விலக்குகளின் வாசகத்தை வரையறுத்தது. அதனால் எந்தக் கம்பெனி பாலிசியை எடுத்தாலும் இந்த விலக்கு கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கும். சாரம் இது: தோற்றத்தை மாற்றும் காஸ்மெட்டிக் அல்லது பிளாஸ்டிக் சர்ஜரிக்குப் பணம் கிடையாது. ஆனால் விபத்து, தீக்காயம், புற்றுநோய் ஆகியவற்றுக்குப் பின் செய்யும் சீரமைப்பு இதில் சேராது. உடனடியான உடல்நல ஆபத்தை நீக்கும் சிகிச்சையும் சேராது. மருத்துவத் தேவைதான் என்று சிகிச்சை தரும் டாக்டர் சான்று தர வேண்டும்.

‘புற்றுநோய்’ என்ற சொல் அந்த வரியிலேயே இருக்கிறது. உங்களை நிராகரிக்க அவர்கள் காட்டியிருக்கும் வரிதான் உங்களுக்குச் சாதகமான வரி.

அப்படியானால் ஏன் நிராகரித்தார்கள்? நான் பந்தயம் கட்டுகிறேன், ப்ரீ-ஆத் படிவத்தில் (கேஷ்லெஸ்ஸுக்கு முன் அனுமதி கேட்கும் படிவம்) ஏதோ ஒரு சொல் இருக்கும். ஆஸ்பத்திரி இன்ஷூரன்ஸ் டெஸ்க்கில் அந்தப் படிவத்தின் நகலை வாங்கி, ‘டயக்னோசிஸ்’, ‘நடைமுறை’ ஆகிய இரண்டு கட்டங்களிலும் என்ன எழுதியிருக்கிறது என்று அப்படியே இங்கே போடுங்கள்.


சும்மா படிப்பவன்
புதன், காலை 7.12

தவறாக நினைக்க வேண்டாம். உயிர் பிழைத்ததே பெரிய விஷயம். 44 வயதில், பிள்ளைகள் வளர்ந்த பிறகு, இதற்கு ஆறு லட்சம் தேவையா? கம்பெனி எல்லாவற்றுக்கும் கொடுத்துக்கொண்டே இருந்தால் பிரீமியம் நம் எல்லோருக்கும்தானே ஏறும்?


கோவில்பட்டி அக்கா
புதன், காலை 9.48

தம்பி, நான் ஐந்து வருடம் ஒரு பக்கத்தோடு இருந்தவள். எனக்குச் சிலிக்கான் வாங்கக் கட்டுப்படியாகவில்லை. பழைய பனியன் துணியில் கடுகு நிரப்பித் தைத்து உள்ளே வைத்துக்கொள்வேன். கடுகு ஏன் தெரியுமா? பஞ்சுக்குக் கனம் பத்தாது, உடம்பு ஒரு பக்கமாகவே இழுக்கும். மார்கழியில் குனிந்து கோலம் போடும்போது அந்தப் பை நழுவிக் கழுத்துக்கு வரும். ஒரு நாள் தையல் விட்டு, அரிசிமாவுக் கோலத்தின் மேல் கடுகு கொட்டியது. பக்கத்து வீட்டுப் பிள்ளை “அத்தை, திருஷ்டிக்கா?” என்று கேட்டது. ஆமாம் என்றேன்.

தோள்பட்டை வலிக்கு ஃபிசியோதெரபிக்குப் போனபோதுதான், கனம் சமமில்லாததால் முதுகே சாய்ந்திருக்கிறது என்று சொன்னார்கள். அழகு, வயது எல்லாம் அப்புறம்.

சீரமைப்பு வேண்டாம் என்று இருப்பவர்களும் உண்டு. என்னோடு கீமோ எடுத்த ஒருத்தி, “இன்னொரு தடவை மயக்க மருந்தா? ஆளை விடு” என்று நிம்மதியாக இருக்கிறாள். அது அவள் முடிவு. வேண்டும் என்கிறவளிடம் வயதைக் கேட்காதீர்கள்.

தங்கைக்கு: எனக்கும் 2021-ல் முதலில் கேஷ்லெஸ் மறுத்தார்கள். கேஷ்லெஸ் மறுப்பு என்றால் க்ளெய்மே மறுப்பு என்று ஆகாது. கையிலிருந்து கட்டிவிட்டுப் பிறகு பில்லோடு விண்ணப்பித்தேன், பணம் வந்தது. ஆனால் என் தாலிச்செயின் நாலு மாதம் அடகுக்கடையில் இருந்தது. அதனால் முதலில் கேஷ்லெஸ்ஸுக்கே போராடுங்கள்.


சும்மா படிப்பவன்
புதன், காலை 11.30

அக்கா, மன்னிக்கவும். கனம் விஷயம் எனக்குத் தெரியாது.


மலைக்கோட்டைத் தங்கை
புதன், மாலை 6.15

பழைய டிபிஏ சார், நீங்கள் பந்தயத்தில் ஜெயித்துவிட்டீர்கள். நகல் வாங்கினேன். நோய் என்ற கட்டத்தில் ‘இடது மார்பகம் இல்லாமை’ என்று மட்டும் இருக்கிறது. சிகிச்சை என்ற இடத்தில், தமிழில் சொன்னால், ‘இருபுற மார்பகத் திருத்தம், நோயாளி மேம்பட்ட தோற்றத்தை விரும்புகிறார்’. காஸ்மெசிஸ் என்ற சொல்லே இருக்கிறது. புற்றுநோய் என்ற சொல் இரண்டு பக்கத்திலும் எங்கேயும் இல்லை! நிரப்பியது ஒரு ட்யூட்டி டாக்டராம். இரவு எட்டு மணிக்கு அவசரத்தில் எழுதியது என்கிறார்கள்.


பழைய டிபிஏ
புதன், மாலை 6.40

அதுதான். திரையில் அந்தச் சொல்லைப் பார்த்ததும் க்ளெய்ம் பார்ப்பவர் எண் 08-ஐ அழுத்திவிடுவார். பழைய ஃபைலில் இதே கம்பெனி மார்பகம் எடுக்கப் பணம் கொடுத்திருக்கிறது என்று தேடிப் பார்க்கும் அளவுக்கு அவருக்கு நேரமில்லை. நானும் அப்படி அழுத்தியிருக்கிறேன், மறைக்கவில்லை.

புதிதாக அனுப்புங்கள். முதலில், அறுவை செய்யும் டாக்டரே தம் லெட்டர்ஹெட்டில் எழுதிய சான்று வேண்டும். ‘இடது மார்பகப் புற்றுநோய்க்காக மார்பகம் நீக்கப்பட்டதன் தொடர்ச்சியாக, அதைச் சீரமைக்கும் அறுவை, மருத்துவத் தேவை’ என்று தெளிவாக இருக்க வேண்டும். அதோடு பழைய பயாப்ஸி ரிப்போர்ட், மாஸ்டெக்டமி (மார்பகம் எடுத்த அறுவை) டிஸ்சார்ஜ் சம்மரி, ரேடியேஷன் முடிந்த சான்று, பழைய க்ளெய்ம் எண். ‘விரும்புகிறார்’ என்ற வினைச்சொல் எங்கேயும் வரக் கூடாது.

இன்னொன்று. 2024 மே மாதம் வந்த ஐஆர்டிஏஐ முதன்மைச் சுற்றறிக்கைப்படி, க்ளெய்ம்ஸ் ரெவ்யூ கமிட்டியின் ஒப்புதல் இல்லாமல் ஒரு க்ளெய்மை நிராகரிக்க முடியாது. எந்த விதியின் கீழ் என்பதையும் எழுத வேண்டும். ‘கமிட்டி ஒப்புதல் எந்தத் தேதி?’ என்று மின்னஞ்சலில் பணிவாகக் கேளுங்கள். இந்தக் கேள்விக்குப் பிறகு கோப்பு வேறு மேஜைக்குப் போகும்.


கத்தி பிடிப்பவர்
புதன், இரவு 9.55

நான் பிளாஸ்டிக் சர்ஜன். எங்கள் துறையின் பெயரே உங்களுக்கு எதிரி, அது எங்கள் தலையெழுத்து.

உங்கள் அக்காவுக்குத் திட்டமிட்டிருப்பது டீப் ஃப்ளாப் என்று ஊகிக்கிறேன். தொப்புளுக்குக் கீழே இருக்கும் தோலையும் கொழுப்பையும் அதன் ரத்தக்குழாயோடு எடுத்து, நெஞ்சில் இருக்கும் குழாயோடு மைக்ராஸ்கோப் வைத்துத் தைப்பது. குழாயின் குறுக்களவு இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான். ஆறிலிருந்து எட்டு மணி நேரம் ஆகும். முதல் ஒன்றிரண்டு நாள் ரத்த ஓட்டம் சரியாக இருக்கிறதா என்று நர்ஸ் மணிக்கொரு தடவை பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இதை அழகு நிலைய வேலை என்று எழுதினால் எனக்குக் கோபம் வரும்.

ஏன் சிலிக்கான் வைக்கவில்லை என்று கம்பெனி டாக்டர் கேட்கலாம், அது மலிவு என்பார். ரேடியேஷன் பட்ட நெஞ்சில் சிலிக்கான் வைத்தால் அதைச் சுற்றி உருவாகும் சவ்வு இறுகிக் கல்லாகிவிடும் அபாயம் அதிகம். சொந்தத் திசு நன்றாக ஒட்டும். இந்தக் காரணத்தையும் சான்றில் இரண்டு வரியில் எழுதச் சொல்லுங்கள்.

வலது பக்கத்தைப் பற்றி எச்சரிக்கை. அங்கேதான் மோதல் வரும். மருத்துவமாகப் பார்த்தால் ஒரு பக்கத்தைச் சமன் செய்யாமல் சீரமைப்பு முடியாது. ஆனால் நம் விலக்கில் ‘புற்றுநோய்க்குப் பின்னான சீரமைப்பு’ என்றுதான் இருக்கிறது, மற்ற மார்பகத்தைப் பற்றி ஒரு சொல் கிடையாது. இரண்டு பக்கத்துக்கும் மதிப்பீட்டைத் தனித்தனியாகப் பிரித்து வாங்குங்கள். இல்லாவிட்டால் வலதைக் காட்டி மொத்தத்தையும் நிறுத்துவார்கள்.


எடிசன்வாசி
வியாழன், காலை 8.30

நியூ ஜெர்சியிலிருந்து எழுதுகிறேன். டாக்டர் சொன்ன அந்த ஒரு சொல் இங்கே சட்டத்திலேயே இருக்கிறது. 1998 அக்டோபர் 21-ல் வந்த மகளிர் நலம் மற்றும் புற்றுநோய் உரிமைச் சட்டம். மார்பகம் எடுப்பதற்குப் பணம் தரும் பாலிசி, அந்த மார்பகச் சீரமைப்பின் எல்லாக் கட்டங்களுக்கும், இரண்டும் ஒத்திருக்க மற்ற மார்பகத்தில் செய்யும் அறுவைக்கும், வெளியே அணியும் செயற்கை மார்பகத்துக்கும், கை வீக்கம் உள்ளிட்ட பின்விளைவுகளுக்கும் தர வேண்டும். இதற்காக செனட்டில் நின்றவர் நியூயார்க்கின் அல்போன்ஸ் டமாட்டோ.

இங்கே எல்லாம் சொர்க்கம் என்று நினைக்க வேண்டாம். டிடக்டபிளும் (பாலிசி கொடுக்கத் தொடங்கும் முன் நாமே கட்டும் தொகை) நம் பங்கும் கட்டியே ஆக வேண்டும். என் மாமியாருக்கு இங்கே சீரமைப்பு செய்தபோது சட்டம் இருந்தும் மூன்று மாதம் ஃபோனில் தொங்கினோம், சர்ஜன் கம்பெனியின் நெட்வொர்க்கில் (அதோடு ஒப்பந்தம் உள்ளவர்கள் பட்டியல்) இல்லை என்ற ஒரே காரணத்துக்காக.


பழைய டிபிஏ
வியாழன், காலை 10.02

அந்தச் சட்டம் இந்தியாவில் செல்லாது. ஆனால் சமன் செய்வதும் சீரமைப்பின் பகுதிதான் என்று வாதம் எழுத உதவும். தங்கை, வலது பக்கத்தை விட்டுக்கொடுக்க வேண்டாம், அதற்காக இடது பக்கத்தைப் பணயமும் வைக்க வேண்டாம்.

ரூம் விஷயத்தில் ஜாக்கிரதை. பாலிசியில் ரூம் வாடகைக்கு வரம்பு இருந்து, அதற்கு மேல் ஒரு ரூம் எடுத்தால், கூடுதல் வாடகை மட்டும் உங்கள் தலையில் விழும் என்று நினைக்காதீர்கள். சர்ஜன் கட்டணம், தியேட்டர் கட்டணம் எல்லாவற்றையும் அதே விகிதத்தில் வெட்டுவார்கள். மருந்து, பரிசோதனை, இம்ப்ளான்ட், ஐசியூ ஆகியவற்றை அப்படி வெட்டக் கூடாது என்று விதி இருக்கிறது. எட்டு மணி நேர அறுவையில் சர்ஜன் கட்டணம்தான் பெரிய தொகை. தகுதியான ரூமையே எடுங்கள்.


ஈரோட்டு மஞ்சள்
வியாழன், மதியம் 1.20

இடையில் என் கேள்வி. மனைவிக்கு இப்போதுதான் மார்பகம் எடுத்திருக்கிறது, என் ஆஃபீஸ் குரூப் பாலிசியில். அடுத்த வருடம் சீரமைப்பு. அதற்குள் வேலை மாற நினைக்கிறேன். சரிவருமா?

அப்புறம், என் அண்ணிக்கு டிசிஐஎஸ் என்று ஆரம்ப நிலையிலேயே கண்டுபிடித்து மார்பகம் எடுத்தார்கள். கிரிட்டிக்கல் இல்னஸ் பாலிசி (குறிப்பிட்ட பெரிய நோய் வந்தால் மொத்தத் தொகை தருவது) பணம் தரவில்லை. புற்றுநோய்தானே?


பழைய டிபிஏ
வியாழன், மதியம் 2.45

வேலையை விடும் முன் ஹெச்ஆரிடம், அதே கம்பெனியின் தனிநபர் பாலிசிக்கு மாறும் வழியைக் கேளுங்கள். மைக்ரேஷன் என்பார்கள். ஏற்கெனவே இருக்கும் நோய்க்குப் பணம் தராத காத்திருப்புக் காலத்தில், குரூப்பில் இருந்த காலத்தைக் கழித்துக்கொள்வார்கள். பாலிசியில் ஒரு நாள்கூட இடைவெளி விழக் கூடாது. முடிந்தால் சீரமைப்பு முடிந்த பிறகு வேலை மாறுங்கள், இது அண்ணன் சொல்வதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணி விஷயம் கஷ்டம். கிரிட்டிக்கல் இல்னஸ் பாலிசியில் புற்றுநோய்க்கு இருக்கும் பொது வரையறை, பரவாமல் அதே இடத்தில் நிற்கும் கட்டத்தைச் சேர்ப்பதில்லை. டிசிஐஎஸ் அந்தக் கட்டம். ஆனால் அவருக்குச் சாதாரண மெடிக்ளெய்ம் தனியாக இருந்தால் அதில் மார்பகம் எடுத்ததற்குக் கேளுங்கள். இரண்டும் வேறு வேறு பாலிசி.


வேப்பமரத்தடி
வியாழன், மாலை 5.50

பாலிசியே இல்லாதவர்கள்? எங்கள் சித்திக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை மட்டும்தான்.


கத்தி பிடிப்பவர்
வியாழன், இரவு 10.15

அந்தத் திட்டத்தில் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், வருடத்துக்கு ஒரு குடும்பத்துக்கு 5 லட்சம் வரை. அங்கே விலக்கு எண் எல்லாம் பார்க்க மாட்டார்கள், பேக்கேஜ் பட்டியலில் அந்த அறுவை இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். ஆஸ்பத்திரியில் திட்டத்துக்கென்று ஒரு மேஜை இருக்கும். சித்தியின் பழைய டிஸ்சார்ஜ் சம்மரியோடு போய் டாக்டர் எழுதிய அறுவைப் பெயரைக் காட்டிக் கேளுங்கள். அரசு மருத்துவக் கல்லூரியின் பிளாஸ்டிக் சர்ஜரி ஓபி-க்கும் ஒரு நடை போகலாம். சென்னை ஸ்டான்லியில் அந்தத் துறை பல பத்தாண்டுகளாக இருக்கிறது.


மலைக்கோட்டைத் தங்கை
12 நாள் கழித்து, ஞாயிறு, மதியம் 3.10

தகவல் சொல்ல வந்தேன்.

டாக்டர் புதிய சான்றைத் தம் கையாலேயே எழுதினார். ட்யூட்டி டாக்டர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார், பாவம், முகம் சின்னதாகிவிட்டது. “மேடம், அந்தச் சொல் இவ்வளவு செய்யும் என்று தெரியாது” என்றார். சின்னப் பையன். அக்காவே அவரைச் சமாதானப்படுத்தினாள்.

எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பி, கமிட்டித் தேதியையும் கேட்டோம். அதற்குப் பதில் வரவே இல்லை. ஆனால் நாலாவது நாள், இடது பக்கத்துக்கு ஒப்புதல் வந்தது. வலது பக்கம் மறுப்பு, அதே எண் 08. மதிப்பீட்டைப் பிரித்து வாங்கச் சொன்ன டாக்டருக்கு நன்றி. அதைச் செய்யாமல் இருந்திருந்தால் இப்போதும் நடுத்தெருவில்தான்.

வலதுக்கு 95,000 ரூபாய். நாங்களே கட்டி, இரண்டையும் ஒரே நாளில் செய்ய முடிவெடுத்தோம். பிறகு கேட்டுக்கொள்ளலாம். ரூம், பாலிசிக்குத் தகுந்த ரூம்தான்.


கோவில்பட்டி அக்கா
ஞாயிறு, மாலை 4.02

ஆஸ்பத்திரிக்கு முன்பக்கம் பட்டன் வைத்த நைட்டி நாலு எடுத்துப் போ. தலை வழியாகப் போடுவதெல்லாம் ஆகாது. வயிற்றிலும் தையல் இருக்கும், ஒரு வாரம் நிமிர்ந்து நடக்க முடியாது, கூன் விழுந்த பாட்டி மாதிரிதான் நடப்பாள். பயப்படாதே, சரியாகிவிடும். படுக்கையில் முழங்காலுக்குக் கீழே தலையணை வை.


மலைக்கோட்டைத் தங்கை
மூன்று மாதம் கழித்து, சனி, இரவு 8.25

அறுவை நன்றாக முடிந்தது. ஏழு மணி நேரம். முதல் இரவு முழுக்க நர்ஸ் வந்து விரலால் அழுத்தி, நிறம் திரும்புகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தார். காலையில் டாக்டர் வந்து “இளஞ்சூடாக இருக்கிறது” என்று சிரித்தார். அக்கா மயக்கத்திலேயே “இட்லியா?” என்றாளாம். கோவில்பட்டி அக்கா சொன்ன கூன் நடை பத்து நாள் இருந்தது. அத்தான் அவளோடு அதே மாதிரி குனிந்து நடந்து காட்டித் திட்டு வாங்கினார்.

இடது பக்கப் பணம் முழுதாக வந்தது, கையுறை, பஞ்சு என்று சில்லறையாக 11,000 மட்டும் வெட்டினார்கள். வலது பக்க 95,000-க்கு விண்ணப்பித்தோம், மீண்டும் மறுப்பு. கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுதினோம். ‘ஆரோக்கியமான உறுப்பில் செய்த அறுவை’ என்று ஒரு வரியில் பதில்.

இப்போது ஓம்பட்ஸ்மனுக்கு (இன்ஷூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் நடுவர்) போகலாமா என்று வீட்டில் பேச்சு. அத்தானுக்குக் கோர்ட் என்றாலே பயம்.


பழைய டிபிஏ
சனி, இரவு 9.10

கோர்ட் இல்லை, வக்கீலும் வேண்டாம், கட்டணமும் இல்லை. 50 லட்சம் வரையிலான புகாரை எடுப்பார்கள். கம்பெனி கடைசியாக மறுத்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் போட வேண்டும். தமிழ்நாட்டுக்கு அலுவலகம் சென்னை தேனாம்பேட்டையில். ஆன்லைனிலேயே பதியலாம், விசாரணை வீடியோவிலும் நடக்கும். தீர்ப்பு உங்கள் பக்கம் வந்தால் கம்பெனி 30 நாளில் கட்ட வேண்டும். உங்களுக்குப் பிடிக்காவிட்டால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகத் தடையும் இல்லை.

கத்தி பிடிப்பவர் ஐயா சொன்ன வாதத்தையே எழுதுங்கள்: அறுவை வலது மார்பகத்தில் நடந்தாலும் காரணம் இடது பக்கப் புற்றுநோய்தான். விலக்கில் ‘புற்றுநோய் வந்த உறுப்பில் மட்டும்’ என்று எங்கேயும் இல்லை. இல்லாத சொல்லைக் கம்பெனி சேர்த்துப் படிக்க முடியாது. ஜெயிக்கும் என்று நான் உறுதி தர மாட்டேன், இது நிஜமாகவே இழுபறியான இடம். ஆனால் கேட்கத் தகுந்த கேள்வி.


மலைக்கோட்டைத் தங்கை
சனி, இரவு 11.40

பதிந்துவிட்டோம். படிவத்தை அக்காவே நிரப்பினாள், என்னைத் தொடவிடவில்லை. ‘கோரிக்கையின் காரணம்’ என்ற இடத்தில் அரை மணி நேரம் யோசித்தாள். மேலே நீங்கள் எழுதிய வரிகளை அப்படியே போட்டுவிட்டு, கடைசியில் தன் வரி ஒன்றும் சேர்த்திருக்கிறாள்: ‘ஒரு பக்கச் செருப்பை மட்டும் கொடுத்தால் நடக்க முடியுமா?’

வேண்டாம், எடுத்துவிடு என்றேன். எடுக்கவில்லை.

விசாரணைத் தேதி வந்ததும் எழுதுகிறேன். நிர்வாகி, அதுவரை இந்த இழையைப் பூட்டிவிடாதீர்கள்.